பிரேக் லேட்டா பிடிக்குதுடா

அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்த அன்றைக்கே என் ரூமைக் காலி செய்தேன். சிங்கப்பூர் ஈசூனில் எங்களுடையது வீவக (அரசு அடுக்குமாடி) மூவறை வீடு, படுக்கையறை இரண்டுதான். ஒன்று அப்பா அம்மாவுக்கு, இன்னொன்று எனக்கு. என் மேசை இருந்த மூலையை விட்டால் தொட்டில் ஸ்டாண்டு வைக்க வேறு இடமில்லை. அத்தானும் நானும் மேசையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். 24 இன்ச் மானிட்டரைப் பழைய போர்வையில் சுற்றி அலமாரி மேல் ஏற்றினேன். மிஞ்சியது கம்ப்யூட்டர் பெட்டி. அதை ஹாலுக்குத் தூக்கி வந்து டிவி பக்கத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்த டிவிதான் எனக்கு மானிட்டர்.

டிவி 55 இன்ச், 4கே. 2019 தீபாவளிக்கு வாங்கியது. பின்னால் வயர் செருக மூன்று எச்டிஎம்ஐ ஓட்டை, எல்லாமே 2.0. என் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், அதிலும் எச்டிஎம்ஐ 2.0 தான். அதனால் 4கேயில் செகண்டுக்கு 60 படத்துக்கு மேல் போக வழியில்லை. கேம் பிரியர்கள் விரும்பும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இணைப்பு டிவிகளில் பெரும்பாலும் இருக்காது. இது தெரிந்துதான் மாட்டினேன். முதல் பதினைந்து நிமிஷம் சந்தோஷம் தாங்கவில்லை. சோபாவில் சாய்ந்தபடி சுவர் அளவுக்கு ஒரு சாலையைப் பார்ப்பது தனி சுகம்.

அந்தச் சாலையை முதலில் ஓட்டியது நானில்லை, அப்பா.

அப்பா 31 வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. முழங்கால் வலியால் கீழே கோப்பிக்கடைக்குப் போவதைக்கூடக் குறைத்துவிட்டார். என்னிடம் பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் 90 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கிய ஸ்டீயரிங் செட் ஒன்று இருந்தது, பெடலோடு. லாரி ஓட்டும் கேம் ஒன்றுக்காக வாங்கியது. ரூமில் நான் ஆடும்போது வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார், உள்ளே வரமாட்டார். இப்போது எல்லாம் ஹாலுக்கே வந்துவிட்டது. "நீங்க ஓட்டிப் பாருங்கப்பா" என்றேன். அந்தக் கேமில் இங்கிலாந்துச் சாலைகளும் உண்டு. அங்கேயும் நம்மைப்போல இடதுபக்கம்தான் என்பதால் அங்கேயே விட்டேன்.

இரண்டாவது சிக்னலில் நிறுத்தினார். நின்ற இடம் கோட்டைத் தாண்டியிருந்தது.

"பிரேக் லேட்டா பிடிக்குதுடா."

"லாரியில லோடு இருக்குப்பா, அப்படித்தான் இருக்கும்."

"லோடு வேற, லேட்டு வேற. லோடு இருந்தா பிடிச்சதுக்கு அப்புறம் இழுத்துக்கிட்டுப் போகும். இது பிடிக்கவே யோசிக்குது."

ஏர் பிரேக் வைத்த வண்டியில் காலை வைத்ததுமே பிரேக் பிடிக்காது, காற்று குழாய் வழியாகப் போய்ச் சேரவேண்டும். அது அப்பாவுக்கு உடம்பிலேயே ஊறிய விஷயம். கேமில் அதையும் கணக்கில் சேர்த்திருப்பார்களோ என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மறுபடி வண்டியைக் கிளப்பி, காலி ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாக இடம் வலம் ஆட்டினார். நாலைந்து தடவை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "ஸ்டீயரிங்கும் லேட்டு. ஸ்டீயரிங்குக்கு எதுக்குக் காத்து?"

நான் வாயடைத்துப்போனேன். பிரேக் மட்டும் தாமதமென்றால் கேமைச் சொல்லலாம். பிரேக், ஸ்டீயரிங் இரண்டும் ஒரே அளவுக்குத் தாமதமென்றால் கோளாறு வண்டியில் இல்லை, வண்டிக்கும் கண்ணுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அன்றைக்கு முழுக்க நான் ஆடியபோதும் ஏதோ இடித்தது. கை பழகவில்லை என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன். அவர் பத்து நிமிஷத்தில் இடத்தையே காட்டிவிட்டார்.

முதலில் கேபிளைச் சந்தேகித்தேன். மறுநாள் ஷிப்ட் முடிந்து கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போனேன். ஒரு கடையில் தங்க முலாம் பூசிய கேபிளைக் காட்டி, லேக் எல்லாம் போய்விடும் என்றார்கள். 79 வெள்ளி. வாங்கி வந்து மாட்டினேன், ஒரு துளி மாற்றமில்லை. பிறகுதான் நிதானமாகப் படித்தேன். எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் தாங்கவில்லை என்றால் படம் கறுத்துப் போகும், அல்லது திரையில் புள்ளி புள்ளியாக மின்னும். தாமதம் வராது. 4கே 60க்கு 18 ஜிகாபிட் தாங்கும் கேபிள் போதும், 4கே 120க்கு 48 ஜிகாபிட் தாங்குகிற, அல்ட்ரா ஹை ஸ்பீட் முத்திரை உள்ளது வேண்டும். அதற்கு மேல் கொடுக்கிற பணம் முலாமுக்குத்தான் போகிறது. அந்த 79 வெள்ளியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, தாமதம் எவ்வளவு என்றாவது பார்ப்போம் என்று அளந்தேன். கைப்பேசியில் செகண்டுக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 4 மில்லி செகண்டுக்குச் சற்று அதிகம். அரிசி டின் மேல் போனைச் சாய்த்து வைத்து, என் விரலும் டிவியும் ஒன்றாகத் தெரியும்படி திருப்பினேன். கேமில் நடுராத்திரி, லாரி இருட்டில் நிற்கிறது. ஹெட்லைட் பட்டனை அழுத்தினேன். பிறகு வீடியோவைப் படம் படமாக நகர்த்தி எண்ணினேன். பட்டன் அடிவரை இறங்கிய படத்திலிருந்து சாலையில் வெளிச்சம் விழுகிற படம்வரை 36. மறுபடி செய்தேன், 35. மறுபடி, 37. அதாவது 150 மில்லி செகண்ட்.

பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவும் எண்ணினார். விரல் இறங்கி நிற்கிறது, சாலை இன்னும் இருட்டாகவே கிடக்கிறது, ஒவ்வொரு படமாக நான் தள்ளத் தள்ள அந்த இருட்டு நீண்டுகொண்டே போகிறது. "பார்த்தியா" என்று மட்டும் சொன்னார்.

காரணம் டிவியின் வேலையிலேயே இருக்கிறது. டிவியைச் செய்தவர்கள் பார்ப்பவருக்காகச் செய்தார்கள். பார்ப்பவர் கையில் ரிமோட் மட்டும்தான், படம் கால் செகண்ட் பிந்தி வந்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை, சத்தமும் கூடவே பிந்தி வந்தால் சரி. அதனால் வருகிற படத்தை டிவி பிடித்து வைத்துக்கொண்டு புள்ளிகளை நீக்குகிறது, ஓரங்களைக் கூராக்குகிறது, நிறத்தை ஏற்றுகிறது. எல்லாவற்றையும்விட நேரம் தின்பது அசைவை வழுவழுப்பாக்கும் வசதி. ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. இரண்டு படங்களுக்கு நடுவே தானாக ஒரு படத்தை வரைந்து செருகும் வேலை அது. நடுவில் உள்ளதை வரைய வேண்டுமானால் அடுத்த படம் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே அடுத்தது வரும்வரை இதைக் காட்டாமல் காத்திருந்தே ஆகவேண்டும். எவ்வளவு வேகமான சிப் போட்டாலும் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க முடியாது.

கேம் மோட் என்பது இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தச் சொல்வது. எங்கள் டிவியில் அது மெனுவுக்குள் நாலாவது அடுக்கில் கிடந்தது. போட்டுவிட்டு மறுபடி அளந்தேன். 15, 14, 16.

கிட்டத்தட்ட 88 மில்லி செகண்ட் ஒரே சொடுக்கில் போய்விட்டது. மிச்சமிருப்பதும் முழுக்க டிவியால் வந்ததல்ல. கீபோர்டு, கேம், கார்டு எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. அப்பாவுக்கு மில்லி செகண்டில் சொன்னால் ஒட்டவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி 88 மில்லி செகண்டில் ஒன்றரை மீட்டர் ஓடிவிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டார். "ஒன்றரை மீட்டர்னா ஜீப்ரா கோட்டுல ஒரு ஆள்டா."

டிவி வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியின் மேல் சில சமயம் 'ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அது ஒரு புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற எடுக்கும் நேரம். அது கூடினால் ஓடுகிற பொருளின் பின்னால் வால் மாதிரி நிழல் வரும். கைக்கும் திரைக்கும் நடுவிலான தாமதம் வேறு, அதன் பெயர் இன்புட் லேக். இரண்டையும் குழப்பிக்கொண்டு முதல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நிறைய.

"பழைய டிவியில இப்படி இல்லையே" என்று அப்பா கேட்டதும் நியாயமான கேள்விதான். நான் சின்னப் பையனாக இருந்தபோது சுங்காய் ரோடு பழம்பொருள் சந்தையில் அவர் ஒரு பழைய கேம் பெட்டி வாங்கி வந்தார். ஆன்டெனா ஓட்டையில் செருகி, சேனலைத் திருகித் திருகிப் படம் பிடிக்க வேண்டும். அந்தக் குழாய் டிவி படத்தைச் சேமித்து வைப்பதே இல்லை. சிக்னல் வர வர எலக்ட்ரான் கற்றை கோடு கோடாகத் திரையில் எழுதிக்கொண்டே போகும். பிடித்து வைக்க இடமே இல்லாததால் தாமதமும் இல்லை. 1980களில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது, 1982ல் வந்த கொமொடோர் 64 உட்பட, பலவற்றையும் வீட்டு டிவியில்தான் மாட்டினார்கள். டிவியை மானிட்டராக்குவது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. அந்தச் சந்தையும் 2017 ஜூலையோடு மூடிவிட்டார்கள். அந்தப் பெட்டி எங்கே போனதென்று அம்மாவுக்குத்தான் தெரியும்.

தாமதம் தீர்ந்த பிறகு எழுத்துப் பிரச்சினை வந்தது. ஜொகூரில் இருக்கும் மாமா பையன் ராத்திரி என்னோடு சேர்ந்து ஆடுவான், சாட்டில் தமிழில்தான் எழுதுவான். அவன் பெயர் சிவப்பில் வரும். டிவியில் அந்தச் சிவப்பு எழுத்துகள் ஈரச் சுவரில் எழுதியதுபோல ஊறிப்போயிருந்தன. திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். 'ண' எழுத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி 'ன' மாதிரி தெரிந்தது. ஆங்கில எழுத்தில் இவ்வளவு உறுத்தவில்லை. தமிழில் எல்லாமே சுழியும் வளைவும், கொஞ்சம் கலங்கினாலும் எழுத்தே மாறிவிடுகிறது.

இதற்கும் காரணம் உண்டு. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைத் துல்லியமாகப் பிடிக்கும், நிற வித்தியாசத்தில் அவ்வளவு கூர்மை கிடையாது. அதனால் ஒளிபரப்பிலும் படங்களிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தைத் தனித்தனியாக அனுப்பிவிட்டு, நிறத்தை நாலு புள்ளிக்கு ஒன்று என்று அனுப்புவார்கள். நம் புளோக்கை ராத்திரி பார்த்தால் ஒவ்வொரு ஜன்னலிலும் விளக்கு தனித்தனியாக எரியும், ஆனால் பெயிண்ட் அடிக்கும்போது நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கலர்தானே, அந்த மாதிரி. நாடகம் பார்க்க இது போதும். கறுப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்துக்குப் போதாது. இந்தச் சிக்கனத்தை 4:2:0 என்றும், சிக்கனமில்லாமல் எல்லாப் புள்ளிக்கும் நிறம் அனுப்புவதை 4:4:4 என்றும் சொல்வார்கள்.

கம்ப்யூட்டர் முழு நிறத்தையும் அனுப்பினால்கூட டிவி உள்ளே வாங்கியதும் குறைத்துவிடும். நிறுத்த வழி விசித்திரமானது. எல்ஜி, சாம்சங் போன்ற பல டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை அல்லது ஐகானை 'பிசி' என்று மாற்ற வேண்டும். பார்த்தால் வெறும் பெயர்ப்பலகை, ஆனால் டிவி அதைப் படித்துவிட்டுத்தான் புள்ளிக்குப் புள்ளி நிறத்தை விட்டுக்கொடுக்கிறது. எங்கள் டிவியிலும் அப்படியே. மாற்றிய நிமிஷம் சுழிகள் பிரிந்து நின்றன. ஷார்ப்னஸையும் இறக்கினேன், எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டது அதுதான். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கார்டும் டிவியும் வேறு வேறு அளவுகோலில் பேசுகின்றன என்று அர்த்தம். கறுப்பிலிருந்து வெள்ளைவரை டிவி வழக்கம் 16லிருந்து 235 வரை, கம்ப்யூட்டர் வழக்கம் 0விலிருந்து 255 வரை. இரண்டிலும் ஒன்றையே வைத்தால் தீர்ந்தது. படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் அது குழாய் டிவிக் காலத்துப் பழக்கம், படத்தை முழுசாகக் காட்டும் செட்டிங் ஒன்று மெனுவில் எங்காவது இருக்கும்.

எழுத்தின் அளவுக்கு மட்டும் எந்தச் செட்டிங்கும் முழுத் தீர்வு தரவில்லை. 55 இன்ச் 4கேயில் ஓர் இன்சுக்கு 80 புள்ளிதான், என் பழைய மானிட்டரில் 92. சோபா இரண்டரை மீட்டர் தள்ளி. விண்டோஸ் தானாகவே எழுத்தளவை 300 சதவீதம் என்று வைத்துக்கொண்டது, நான் 225க்கு இறக்கினேன். லாரி, பந்தாட்டம், ரேஸ் எல்லாம் அருமை. வரைபடமும் பட்டியலுமாக நெருங்கிய எழுத்து நிறைந்த கேம்களை ஐந்து மாதமும் தொடவே இல்லை.

அக்கா குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பிரச்சினையே வேறு. பெண் குழந்தை. தொட்டில் என் ரூமில், சுவருக்கு இந்தப் பக்கம் டிவி. முதலில் புளூடூத் ஹெட்போன் போட்டேன். சத்தம் தனியாகப் பிந்தி வந்தது. பிரேக் போட்டு வண்டி நின்ற பிறகு டயர் கிறீச்சிடும். திரையில் அவ்வளவு பாடுபட்டு ஓட்டிய தாமதம் காது வழியாகத் திரும்பி வந்துவிட்டது. ஐந்து மீட்டர் நீட்டிப்பு வயர் ஒன்று வாங்கிப் பழைய வயர் ஹெட்போனையே மாட்டினேன்.

ஒரு ராத்திரி மூன்று மணிக்கு அக்கா பாலுக்கு எழுந்து கதவைத் திறந்தபோது ஹால் முழுக்க நீல வெளிச்சம். கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது, டிவி 'சிக்னல் இல்லை' என்று எழுதிக்கொண்டு விழித்திருந்தது. நான் கீழே பாயில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் தூங்கினால் மானிட்டரும் சேர்ந்து தூங்கும். எங்கள் டிவிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. டிவியும் அதில் மாட்டிய கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருக்கும் சிஇசி வழியைக் கம்ப்யூட்டர் கார்டுகள் பெரும்பாலும் பேசுவதில்லை. அன்றிலிருந்து ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அம்மாவிடமும் ஒரு தவறு செய்தேன். கேம் மோட் செட்டிங்கை 'எல்லா இன்புட்டுக்கும்' வைக்கவா என்று டிவி கேட்ட இடத்தில் யோசிக்காமல் சரி என்று அழுத்திவிட்டேன். மறுநாள் வசந்தம் சேனல் பார்த்துக்கொண்டிருந்தவர், "முகமெல்லாம் வெளுத்துப்போய் நோயாளி மாதிரி இருக்காங்கடா" என்றார். கேம் மோடின் நீலச் சாயல் நாடகத்துக்கும் போய்விட்டது. இன்புட்டுக்கு ஒன்றாகத் தனித்தனியாகச் சேமிக்கலாம், நான் அவசரப்பட்டேன். அம்மாவின் படத்தைப் பழையபடி கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சரி சொல்லச் சொல்லத்தான் முடித்தேன்.

இப்போது புதிதாக வாங்கினால் நான் என்ன செய்வேன்? எச்டிஎம்ஐ 2.1 இருக்கிறதா, எத்தனை ஓட்டையில் இருக்கிறது என்று கேட்பேன். சில டிவிகளில் இரண்டில் மட்டும்தான் இருக்கும், அதில் ஒன்றை சவுண்ட்பாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். கார்டிலும் 2.1 வேண்டும். என்விடியாவில் 2020ல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்துதான் அது உண்டு. அப்போது 4கேயில் 120 படம் கிடைக்கும், ஒரு படத்துக்கு 8.3 மில்லி செகண்ட். கேம் தொடங்கியதும் டிவி தானாகக் கேம் மோடுக்குப் போகும் வசதியும், கார்டின் வேகத்துக்குத் திரை ஒத்துப்போகும் விஆர்ஆரும் இருக்கிறதா என்று பார்ப்பேன். மேசைக்கு என்றால் 42 இன்சுக்கு மேல் போகமாட்டேன். 2022ல் எல்ஜி அந்த அளவில் ஓஎல்ஈடி (புள்ளிகள் தாமே ஒளிரும் திரை) கொண்டுவந்தபோதுதான் மேசையில் டிவி வைக்கும் ஆசை பலருக்கும் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஹாலுக்கு ஓஎல்ஈடி வேண்டாம். சேனல் முத்திரை நாள் முழுக்க ஒரே மூலையில், ராத்திரியானால் என் டாஸ்க்பார் ஒரே இடத்தில். அசையாமல் நிற்கிற படம் அந்தத் திரையில் தழும்பாகப் பதிந்துவிடும் என்ற பயத்தோடு அம்மாவை நாடகம் பார்க்கச் சொல்ல முடியாது. பழைய டிவியைப் பற்றிக் கவலையில்லை. 2021 ஜூலையிலிருந்து கடைகள் புதியதைக் கொண்டுவந்து இறக்கும்போது பழையதை இலவசமாக எடுத்துப்போக வேண்டும் என்பது இங்கே சட்டம்.

போன மாதம் அத்தான் வந்து அக்காவையும் குழந்தையையும் பொங்கோலுக்கு அழைத்துப்போனார். அன்று சாயங்காலமே கட்டிலுக்கு அடியிலிருந்து மேசையை இழுத்து மாட்டினேன். போர்வையைப் பிரித்து மானிட்டரையும் வைத்தேன். கம்ப்யூட்டர் வயரைக் கழற்ற ஹாலுக்கு வந்தபோது அப்பா சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார், பெடல் காலடியில். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் கழற்றவில்லை.

ரூமுக்கு இன்னொரு கம்ப்யூட்டர் பழையதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். காலையில் அம்மா தேக்கா சந்தைக்குக் கிளம்பியதும் அப்பா டிவியைப் போட்டு லாரியை எடுக்கிறார். இன்புட் மாற்றுவது இன்னும் அவருக்குத் தடுமாற்றம், ஆனால் காலை பெடலில் வைப்பதற்கு முன்னால் ரூம் பக்கம் பார்த்துக் கேட்டுவிடுவார்:

"கேம் மோட்ல இருக்காடா?"